கார்பனுக்கு விலை: நீலகிரிக்காரர்கள் எதற்குக் கையெழுத்துப் போடுவது?

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் முப்பது பேர் கூடியிருந்தோம். தேயிலைச் சிறு விவசாயிகள், காய்கறி பிக்கப் ஓட்டுகிறவர்கள், எஸ்டேட்டில் இலை பறிக்கும் பெண்கள், தங்கும் விடுதி வைத்திருக்கும் இரண்டு பேர், அப்புறம் முக்கால் ஏக்கர் தேயிலையும் தேவைக்கு மேல் வாயும் உள்ள நான். எம்.பி.யிடம் கொடுக்க ஒரு மனு எழுத வேண்டும். கரிப்புகைக்கு விலை வையுங்கள் என்பது அதன் சாரம். மூன்று மணி நேரம் போனது, இரண்டு சுற்று டீ போனது, மனு முதல் வரியைத் தாண்டவில்லை.

பருவநிலை மாறுகிறதா என்பதில் அங்கே சண்டை இல்லை. 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை இறங்கியபோது கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சொந்த வீட்டிலேயே பயந்து படுத்தார்கள். ஒரு மழையைக் காட்டி இதுதான் ஆதாரம் என்று சொல்வது தப்பு. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல். சுமந்ததை எங்காவது இறக்கத்தானே வேண்டும்.

இழுபறி வேறு இடத்தில். கார்பன் விலை என்றால், எரிபொருள் எரிந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குவது. அது ஒரே சரக்கு அல்ல, பல ரகம் உண்டு. எந்த ரகத்தைக் கேட்பது? அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதியதும் குன்னூர், கூடலூர் வாசகர்களும் இதையே கேட்டார்கள். அதனால் நாலு வழிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் கணக்கு

பேச வசதியாக, ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது எந்த அரசும் அறிவித்த விலை அல்ல, பெருக்கச் சுலபமான எண், அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ வாயு. ஆக லிட்டருக்கு 2 ரூபாய் 70 காசு. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் எரிந்து தீர்ந்தால் 42, 43 கிலோ. ஆக சிலிண்டருக்கு 43 ரூபாய். இந்திய மின்கட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ, ஆக யூனிட்டுக்கு 70 காசு. 'பைக்காராவில் 1932-லிருந்து தண்ணீரில்தானே கரண்ட் எடுக்கிறார்கள், நாம் ஏன் கட்ட வேண்டும்?' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பியில் வரும்போது பைக்காரா கரண்ட், மேட்டூர் அனல்மின் கரண்ட் என்று பிரித்து வருவதில்லை.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப் பத்து லிட்டர் குடிக்கிறது என்றால், ஒரு நடைக்கு 27 ரூபாய். இதைச் சொன்னபோது ஓட்டுநர் அண்ணன் ஒருவர் சிரித்தார். "இருபத்தேழு ரூபாய்க்கு நான் பயப்படலை தம்பி. அடுத்த வருஷம் அது எழுபத்தேழு ஆகும், அதுக்குத்தான் பயம்." அவர் பயம் வீண் அல்ல. வருடா வருடம் ஏறுவதுதான் கார்பன் விலையின் வடிவமைப்பே.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, யார் பையில் முதலில் கை விழுகிறது. பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரி ஏற்றத்தை எதிர்த்து மஞ்சள் சட்டை போட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் பலர் பஸ் வசதியில்லாத சிற்றூர்க்காரர்கள். வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவனிடம் டீசல் விலையை ஏற்றினால் அவன் டீசலைக் குறைக்க மாட்டான், சாப்பாட்டைக் குறைப்பான். அந்த ஏற்றத்தை அரசு கைவிட்டது. மலைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வசூலான பணம் எங்கே போகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறதா. மூன்றாவது, புகை நிஜமாகவே குறையுமா. நான்காவது, அடுத்த தேர்தலைத் தாண்டுமா; ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் வந்த கார்பன் விலை 2014 ஜூலையில் போய்விட்டது.

ஐந்தாவது நம் ஊருக்கே உரியது. தேயிலையில் செலவு மேலே ஏறாது, கீழே இறங்கும். தொழிற்சாலைக்குக் கரண்ட் செலவு கூடினால் அதைக் குன்னூர் ஏலத்தில் வாங்குகிறவர் தலையில் வைக்க முடியாது. அங்கே விலையை வைப்பது வாங்குகிறவர். அப்போது தொழிற்சாலை என்ன செய்யும்? பச்சை இலைக்குக் கொடுக்கும் விலையில் கழிக்கும். கார்பன் விலை பற்றிய எந்தக் கட்டுரையிலும் நான் இதைப் படித்ததில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

வழி ஒன்று: வசூலித்து, எல்லோருக்கும் சமமாகத் திருப்பித் தருவது

நிலக்கரி சுரங்கத்திலிருந்தோ கப்பலிலிருந்தோ இறங்கும் இடத்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில், அங்கேயே விலையை வாங்கிவிடுவது. வந்த பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வங்கிக் கணக்கில் போடுவது. அதிகம் எரிப்பவர் அதிகம் கட்டுவார், பங்கு எல்லோருக்கும் ஒன்றே.

எஸ்டேட் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு பேர், வண்டி இல்லை. வருடத்துக்கு எட்டு சிலிண்டர், மாதம் நூறு யூனிட். மேலே சொன்ன கணக்கில் சிலிண்டருக்கு 344 ரூபாய், கரண்டுக்கு 840 ரூபாய், மொத்தம் 1,200-க்குள். பஸ், சிமெண்ட், துணி, உரம் என்று மறைமுகமாக ஏறுவதைச் சேர்த்து இதை மூன்று மடங்கு ஆக்கினாலும் 3,600. இந்தியாவில் தலைக்கு வருடம் சுமார் 2 டன் வெளியாகிறது. அத்தனைக்கும் விலை வாங்கி அத்தனையையும் திருப்பினால் தலைக்கு 2,000, குடும்பத்துக்கு 8,000. இது கை விரலில் போட்ட கணக்கு. நடைமுறையில் எல்லாவற்றுக்கும் வரி விழாது, எல்லாம் திரும்பவும் வராது. ஆனாலும் திசை தெளிவு: இலை பறிக்கிறவருக்கு லாபம், மூன்று கார் வைத்திருப்பவருக்கு நஷ்டம்.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பது கனடாவில் ஏன் தோற்றது? குந்தா மின் நிலையங்களைக் கட்ட நமக்குக் கைகொடுத்த அதே கனடாதான். 2019-ல் டன்னுக்கு 20 டாலரில் தொடங்கி 2024-ல் 80 டாலருக்கு ஏற்றினார்கள். கட்டணத்தையும் திரும்பி வந்ததையும் மட்டும் நேருக்கு நேர் வைத்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே காட்டியது. இருந்தும் 'வரியை வெட்டு' என்ற கோஷம்தான் ஊரெங்கும் கேட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோருக்கான அந்தக் கட்டணம் ரத்து.

காரணங்களில் ஒன்று என்னை ரொம்ப நாள் குடைந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அந்தப் பணம் வருமான வரிக் கணக்குக்குள்ளேயே கழிந்துபோனது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கியில் போட்டபோதும், பாஸ்புக்கில் என்ன பணம் என்று புரியாத பெயர்களில் விழுந்தது. பெயரைச் சரிசெய்ய 2024 வரை ஆனது. பெட்ரோல் பங்க்கில் ஏறிய விலை மட்டும் தினமும் பெரிய எழுத்தில் தெரிந்தது. சுவிட்சர்லாந்திலும் இதே கதை: வரியில் ஒரு பங்கை மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழித்துத் தருகிறார்கள், பலருக்கு அது வருவதே தெரியாது. அங்கே 2021 ஜூனில் கார்பன் சட்டத்தைக் கடுமையாக்கும் யோசனை மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது.

நமக்கு இது புதிதில்லை. நான் இந்த வழியை விளக்கி முடித்ததும் ஓர் அக்கா கேட்டார், "கேஸ் மானியம் கணக்குல விழும்னாங்களே, அது எங்க போச்சு?" 2015-லிருந்து விழுந்துகொண்டிருந்த மானியம் 2020 நடுவில் பெரும்பாலான வீடுகளுக்கு ஓசையில்லாமல் நின்றதே, அதைத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதே அக்காவிடம் மகளிர் உரிமைத் தொகை எப்போது வரும் என்று கேட்டால் யோசிக்காமல் 15-ஆம் தேதி என்பார். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, போனில் ஒரு மெசேஜ் வருகிறது. கனடாக்காரர்களுக்கு அந்த மெசேஜ்தான் போதவில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று மேலே சொன்ன பச்சை இலை விலை. இன்னொன்று விறகு. சிலிண்டர் விலை ஏறி, பங்குப் பணம் தாமதமானால், குளிருக்கு வெந்நீர் வைக்க மக்கள் சோலைக்காட்டு ஓரம்தான் போவார்கள். விறகுக்கு யாரும் கார்பன் விலை வைக்கப் போவதில்லை. சுமக்கப்போவது யார் என்பதும் தெரிந்ததே.

வழி இரண்டு: வசூலித்து, பசுமை வேலைக்குச் செலவிடுவது

இதை நாம் ஏற்கெனவே ஒரு முறை செய்து பார்த்துவிட்டோம். 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் தொகை) வந்தது. 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400. ஒரு டன் இந்திய நிலக்கரி எரிந்தால் சுமார் 1.6 டன் வாயு என்று கொண்டால், அந்த 400 ரூபாய் டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 250 ரூபாய். அதாவது வரி என்ற பெயரே சொல்லாமல் இந்தியா ஒரு கார்பன் விலையை ஏழு வருடம் வசூலித்தது. எதிர்த்து ஒரு ஊர்வலம் போனதாக எனக்கு நினைவில்லை.

ஆதரித்தும் யாரும் போகவில்லை, அதுதான் கோளாறு. 2017-18 வரை 86,000 கோடிக்கு மேல் திரண்டது. தூய எரிசக்தி நிதியத்துக்குப் போனது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது சுமார் 16,000 கோடி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கத் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்தச் செஸ்ஸும் போய், நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 சதவீதம் ஆனது. நடுவில் இந்த மலைக்கு அந்தப் பணத்தில் என்ன வந்தது என்று கேட்டால் கை காட்ட ஒன்றும் இல்லை. கை காட்ட ஒன்றும் இல்லாததைக் காப்பாற்ற யார் வருவார்?

இதே வழி நன்றாக நடந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2016-லும் 2018-லும் கார்பன் வரியை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2021-ல் சட்டமன்றம் வழியாக வேறு வடிவில் வந்தது: பெரிய நிறுவனங்கள் புகை அனுமதியை ஏலத்தில் வாங்க வேண்டும், ஏலப் பணம் செலவுக்கு. பதினெட்டு வயது வரை பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஏழை வீடுகளுக்கு 2024-ல் கரண்ட் பில்லில் 200 டாலர் கழிவு. அந்த ஆண்டு நவம்பரில் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, பெட்ரோல் விலை ஏறியிருந்தும், 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ரத்து வேண்டாம் என்றார்கள். பிள்ளை டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறுவதைத் தினமும் பார்க்கும் தாய்க்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

ஆக இந்த வழியைக் கேட்பதானால் 'பசுமைப் பணிகளுக்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. கோத்தகிரி–குன்னூர் மின்சார பஸ், சரிவுகளில் வடிகால், தொழிற்சாலை உலர்த்தியில் விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

வழி மூன்று: பெரிய ஆலைகளுக்குச் சந்தை

இந்தியா இப்போது போய்க்கொண்டிருப்பது இந்தப் பாதையில்தான். 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது, 2023-ல் கார்பன் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிமெண்ட், அலுமினியம், இரும்பு, உரம், காகிதம், ஜவுளி போன்ற துறைகளில் பெரிய ஆலைகளுக்கு, ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு புகைதான் என்று இலக்கு. அதைவிடக் குறைத்தவர் மிச்சத்தை விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும்.

நமக்கு நேரடி வலி கிடையாது. ஐரோப்பா 2026 ஜனவரி முதல் வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லையிலேயே கார்பன் கட்டணக் கணக்கை அமலாக்குகிறது. நம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அந்தக் காசு அங்கே போவதைவிட இங்கே கட்டினால் இங்கேயாவது தங்கும். நல்ல வாதம்தான்.

குறை என்ன? அனல்மின் நிலையங்கள் இந்த இலக்குப் பட்டியலில் இல்லை, நாட்டின் புகையில் பெரிய பங்கு அங்கேயிருந்துதான். இலக்கு மொத்தப் புகைக்கு அல்ல, சரக்குக்கு இவ்வளவு என்பதால் உற்பத்தி கூடினால் மொத்தமும் கூடலாம். அரசுக்குப் பெரிதாகக் காசு வராது, ஆகவே திருப்பித் தரவும் ஒன்றுமில்லை. சத்தமில்லாமல் வந்தது, சத்தமில்லாமல் தளர்த்தவும் படலாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. கார்பன் சந்தை என்ற பேச்சு வந்ததுமே தோட்டத்துக்கு ஏஜென்ட் வர ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடமும் ஒருவர் வந்தார். சில்வர் ஓக் மரங்களை எண்ணி, அவை உறிஞ்சும் கார்பனைக் கிரெடிட் என்ற சான்று ஆக்கி விற்றுத் தருகிறாராம். ஒப்பந்தத்தைப் படித்தால் முப்பது வருடம் மரத்தில் கை வைக்க முடியாது, காற்றில் விழுந்தால் என் பொறுப்பு, அளக்கும் செலவு என் பங்கில் கழியும். முக்கால் ஏக்கரில் அளக்கும் செலவே மிச்சம் வைக்காது. இது கார்பன் விலை அல்ல, வேறு வியாபாரம். மனுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வழி நான்கு: விலை வேண்டாம், விதி போதும்

விடுதிக்காரர் ஒருவரின் யோசனை இது. அவரே பிறகு பின்வாங்கினார். ஏனென்றால் விதி என்றால் என்ன என்று நாம் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வெளி வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உயர் நீதிமன்றம் சொன்னது, நடந்தது. வாக்கு, தேர்தல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மாதமே வணிகர்கள் கடையடைத்தார்கள்.

நெரிசலுக்கு, பிளாஸ்டிக்குக்கு விதி பொருத்தம். புகைக்கு அவ்வளவாக இல்லை. ஊட்டிக்கு வராத கார் வேறெங்காவது ஓடும். சோதனைச்சாவடி வரிசையில் என்ஜினை அணைக்காமல் நிற்பதும் புகைதான். விதியின் செலவு பில்லில் வராது, காலி அறையாக வரும், சவாரி கிடைக்காத டாக்ஸியாக வரும்.

விதிக்கும் விலைக்கும் நடுவில் ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவால் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை நீலகிரியில்தான் வந்தது. அதற்கு முன் சோலைக்குள் நடந்தால் கண்ணாடி, யானை காலில் கண்ணாடி. இப்போது பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பணம் வாங்க ஆள் இருக்கிறது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. கார்பனோடு அப்படியே ஒப்பிட முடியாது: எரிந்த டீசலை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் பத்து ரூபாய் போவதும் வருவதும் ஒரே கவுண்டரில், ஒரே கையில். அதனால்தான் அதை யாரும் வரி என்று சொல்வதில்லை.

ஒரே பார்வையில்

| | பங்குப் பணம் | பசுமைச் செலவு | ஆலைச் சந்தை | விதி |
|---|---|---|---|---|
| முதலில் யாருக்கு வலி | எல்லோருக்கும், பங்கு வரும்வரை | எல்லோருக்கும் | பெரிய ஆலைகளுக்கு | டாக்ஸி, விடுதி, கடை |
| பணம் தெரியுமா | பெயரும் தேதியும் இருந்தால் | ஊரில் வேலை நடந்தால் | தெரியாது | பணமே இல்லை |
| புகை குறையுமா | விலை ஏற ஏறக் குறையும் | குறையும், செலவும் சரியாகப் போனால் வேகமாக | மெதுவாக | கொஞ்சம் |
| தேர்தலைத் தாண்டுமா | சந்தேகம் | வாஷிங்டனில் தாண்டியது | தாண்டும் | நீதிமன்றம் இருக்கும்வரை |
| பச்சை இலை விலைக்கு ஆபத்து | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |

யாருக்கு எது

நிலமும் வண்டியும் இல்லாத கூலிக் குடும்பத்துக்கு முதல் வழிதான். சிறு விவசாயிக்கும் அதுவே, ஆனால் இலை விலைக்கு ஒரு பாதுகாப்பு இருந்தால் மட்டும். பிக்கப், ஜீப் ஓட்டுபவருக்கு இரண்டாவது நல்லது. அவர் தலைக்கு வரும் பங்கு அவர் டீசலுக்கு ஈடாகாது. கோயம்புத்தூர், திருப்பூரில் ஏற்றுமதித் தொழிலில் பிள்ளை வேலை பார்க்கும் வீடுகள் மூன்றாவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நான்காவது, புகைக்காக அல்லாமல் நெரிசலுக்காகக் கேட்பவர்களுக்கு.

என் ஓட்டு முதல் வழிக்கு, ஒரு திருத்தத்தோடு. டீசலைத் தொடக்கூடாது. டீசலுக்கு ஏற்கெனவே கலால் வரியும் வாட் வரியும் கட்டுகிறோம். புதிய விலை நிலக்கரியில் தொடங்கட்டும். இன்னொன்று, கனடாவில் கிராமத்துக்காரர்களுக்குப் பங்கோடு 10 சதவீதம் கூடுதல் கொடுத்தார்கள், 2024-ல் அதை 20 ஆக்கினார்கள். பஸ் குறைவு, தூரம் அதிகம் என்பதுதான் காரணம். மலைப்பகுதிக்கு அதையே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது கூட்டத்தில் இதை வரியாக எழுதினோம். டீசல் என்ற சொல்லை எடுத்த பிறகுதான் ஓட்டுநர் அண்ணன் பேனாவைத் தொட்டார். இலை விலைக்கு என்ன பாதுகாப்பு என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை, அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். பணத்துக்கு ஒரு பெயர் வைத்தாயிற்று. எந்த மாதம் தரச் சொல்வது என்பதில் பொங்கலா, பள்ளி திறக்கும் ஜூனா என்று கொஞ்ச நேரம் போனது. கேஸ் மானியம் கேட்ட அக்காதான் முடித்துவைத்தார். "பிப்ரவரின்னு போடுங்க. உறைபனில இலை கருகி, பறிக்க ஒண்ணும் இல்லாத மாசம் அதுதான்." அப்படியே போட்டோம்.